ஆணியில் தொங்குவதைக் கழற்றாதீர்கள்

"எதைப் படம் பிடிக்கிறோம் என்பது முக்கியமில்லை, எப்படிச் சட்டகத்துக்குள் வைக்கிறோம் என்பதே முக்கியம்." மலையகத்தில் கமராவையோ போனையோ கையில் எடுக்கிற பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் இதுதான். பயிற்சிப் பட்டறையில் இதைத்தான் சொல்கிறார்கள், பாடசாலை ஊடகக் கழகத்தில் இதைத்தான் சொல்கிறார்கள், போட்டி நடுவர் மேடையேறினாலும் இதையேதான் சொல்கிறார். வீட்டில் கிடக்கும் ஒரு சாதாரணப் பொருளை எடு. சட்டகத்தை மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் அதை வை. சுற்றிலும் வெற்றிடம் விடு. பின்புலத்தைத் துடைத்தெடு. முடிந்தது, சாதாரணம் அசாதாரணமாகிவிட்டது.

வட்டவளையிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் இந்தப் பாடம் நடைமுறைக்கு வரும்போது நடப்பது இது. லயத்துக் காம்பிராவின் சுவரில் ஆணியில் தொங்கும் கொழுந்துச் சாக்கின் தலைக்கயிறு கழற்றப்படும். வாசலோரம் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் ஒரு பலகையில் அது வட்டமாகச் சுருட்டி வைக்கப்படும். பக்கத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் (அது எப்படியும் வந்துவிடும்). பின்னாலுள்ளதெல்லாம் மங்கிப் போயிருக்கும். மறுநாள் விடியலில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு)ப் போக வேண்டிய அம்மா, "ஏங் கயித்த எங்கடா வச்ச?" என்று தேடுவார். படத்துக்கு அந்தத் தேடல் தெரியாது. படம் அழகாகத்தான் இருக்கும். பரிசும் கிடைக்கலாம்.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். அவர்களிடம் நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள். 1928இல் பாரிஸில் ஆந்த்ரே கெர்தேஸ் ஒரு தட்டின் விளிம்பில் சாய்ந்திருந்த முள்கரண்டியையும் அதன் நிழலையும் மட்டுமே எடுத்தார். 1930இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயை எடுத்தார். போரால் முடங்கிய பிராக் நகரில் யோசெப் சூதெக் தன் அறை ஜன்னலோரத்துத் தண்ணீர்க் கிளாஸை எடுத்தார். மூன்றும் புகைப்பட வரலாற்றை எழுதுகிறவர்கள் தாண்டிப்போக முடியாத படங்கள். இதைவிட வலுவான இன்னொரு வாதமும் அவர்களிடம் உண்டு: இந்தப் பாடம் ஏழைக்கு உதவுகிறது. விலையுயர்ந்த லென்ஸ் வேண்டாம், பயணம் வேண்டாம், வீட்டுத் தம்ளரே போதும். அருவி, பாலத்தில் போகும் ரயில், சிரிக்கும் கொழுந்துக்காரி என்ற மூன்று படங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த மலையகப் புகைப்படத்தைச் சமையற்கட்டுக்குள் அழைத்து வந்தது இந்தப் பாடம்தான் என்றுகூடச் சொல்லலாம். விதிகள் வெறும் ஊன்றுகோல், பழகியதும் எறிந்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தப் பாடம் தவறானது என்றே சொல்கிறேன். பொருளைப் பயன்படுத்துகிறவர் அதற்கு ஏற்கெனவே ஓர் அமைப்பைக் கொடுத்திருக்கிறார். அதை வாசிக்கத் தெரியாதவனுக்கு அதைக் கலைக்கக் கற்றுக்கொடுப்பதைத்தான் 'கம்போசிஷன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1. அந்த 'மூன்றிலொரு பங்கு விதி' எங்கே பிறந்தது என்று எந்தப் பட்டறையிலாவது யாராவது கேட்டதுண்டா? மனிதக் கண்ணின் இயல்பு என்பார்கள். கிரேக்கர் காலத்துப் பொன் விகிதம் என்றும் சிலர் அடித்துவிடுவார்கள். இந்தப் பெயரோடு அந்த விதி அச்சேறியது 1797இல், லண்டனில் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற செதுக்கோவியர் நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில். அந்த நூலில் இருந்த படங்கள் என்ன? இருபது குடிசைகள். துப்புரவான குடிசையைவிடக் கவனிப்பாரற்று இடிந்துகொண்டிருக்கும் குடிசையே ஓவியனுக்கு விருந்து என்பது ஸ்மித்தின் கட்சி. ஒட்டுப்போட்ட சுவரின் பல நிறக் கறைகளையும் பாசி பிடித்த கூரையையும் அவர் ருசித்து ருசித்து எழுதியிருக்கிறார்.

பிறப்பிடம் தெரிந்துவிட்டதால் ஒரு விதி பொய்யாகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இயற்கை விதி என்ற பட்டத்தை அது இழந்துவிடுகிறது. அது ஒரு ரசனையின் விதி. ரசனை என்றால் யாருடையது என்று கேட்கலாம். குடிசைக்குள் இருந்தவனின் ரசனையா, அதை வரைய வந்தவனின் ரசனையா? இரண்டு நூற்றாண்டு கழித்து, லயத்துச் சுவரின் உரிந்த சுண்ணாம்பைக் காட்டி "என்ன டெக்ஸ்ச்சர் பாருங்கள்" என்று ஒரு வாத்தியார் பரவசப்படும்போது, ஸ்மித்தின் குரலைத்தான் கேட்கிறோம். அந்தக் கறை ஓர் ஒழுகலின் கறை. தகரத்தில் எந்த இடத்தில் ஓட்டை என்று அந்த வீட்டுக்காரர் அதை வைத்தே சொல்லிவிடுவார். படம் பிடித்தவரிடம் கேட்டால் சட்டகத்தின் வலது மேல் மூலையைக் காட்டுவார்.

'வழிகாட்டும் கோடுகள்' என்ற உத்திக்கு மலையகத்தில் லயத்தை விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. ஒரே கூரை, ஒரே உயரம், வரிசையாகக் கதவுகள், தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும் கோடுகள். ஒரு முனையில் நின்று எடுத்தால் பாடப்புத்தகப் படம். அந்த முனையில் நிற்கும் பழக்கம் யாருக்கு இருந்தது? ஆள்கணக்கு எடுக்க வந்தவனுக்கு. குடியிருப்பவர் தன் வாசலிலிருந்து பார்த்தால் தெரிவது எதிர் லயத்து வாசலும் இடையில் ஓடும் கானும்தான்.

2. 'அன்றாடப் பொருள்' என்கிறீர்களே, யாருடைய அன்றாடம்? இதற்குப் பதில் சொல்லாமல் வெஸ்டனையும் கெர்தேஸையும் சாட்சிக்கு அழைக்க முடியாது. வெஸ்டனின் மிளகாய் சந்தையிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தது. அதற்குத் தொழில் இல்லை, எஜமான் இல்லை, மறுநாள் காலையில் அதைத் தேடப்போகிறவர் யாருமில்லை. அதன் மடிப்புகளோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டி, வேறு வேறு மிளகாய்களையும் வேறு வேறு பின்புலங்களையும் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு தகரப் புனலின் வாய்க்குள் அதை வைத்தபோதுதான் வெளிச்சம் அவர் கேட்டபடி சுற்றி வந்தது. 'மிளகாய் எண் 30' என்ற பெயரிலேயே அந்த மல்லுக்கட்டல் தெரிகிறது. விதியைப் போட்டதும் படம் வந்த கதை அது இல்லை. சூதெக்கின் கிளாஸும் அவர் அறையிலேயே இருந்தது. இவர்கள் தங்கள் அன்றாடத்தைத் தாங்களே பார்த்தவர்கள்.

வட்டவளை லயத்துக்குள் வருகிறவருக்கு மண்ணெண்ணெய் விளக்கு ஓர் அபூர்வம். கவ்வாத்துக் கத்தி ஓர் அபூர்வம். அவர் அன்றாடப் பொருளை எடுக்கவில்லை, காட்சிப்பொருளை எடுக்கிறார். அது அவர் உரிமை, போகட்டும். விவகாரம் அங்கேயே பிறந்த பையனுக்கு வரும்போதுதான் தொடங்குகிறது. அம்மாவின் கயிறு அவனுக்குத் தெரியும். தலையில் பதியும் இடம் மட்டும் எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்துத் தட்டையாகியிருக்கும், முடிச்சுப் பக்கம் நார் பிரிந்திருக்கும், ஒரு இடத்தில் பழைய சேலைத் துண்டு சுற்றியிருக்கும், உச்சந்தலையை அறுக்காமல் இருக்க. எந்த வருகையாளருக்கும் வாய்க்காத அறிவு இது. பட்டறை அவனிடம் என்ன சொல்கிறது? அந்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா, கயிற்றை ஒரு வட்டமாக, ஒரு வடிவமாகப் பார் என்கிறது. அவன் சொந்த வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுலாப் பயணியாகிறான். இந்தப் பாடம் ஏழைக்கு உதவுகிறது என்ற வாதம் எனக்கு எடுபடாமல் போவது இந்த இடத்தில்தான்.

3. பின்புலம் குழப்பமாக இருக்கிறது என்றால், அந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்ன என்று கேட்க வேண்டாமா? பழைய லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் கட்டில், அடுப்பு, பிள்ளையின் புத்தகப் பை, சாமிப் படம், அரிசிச் சாக்கு, மழையில் நனைந்த துணி. தரையில் இடமில்லாததால் பொருட்கள் சுவரில் ஏறுகின்றன. சுவரில் ஏறியவை தற்செயலாகவும் ஏறவில்லை. வட்டவளை இந்த நாட்டில் மழை மிகுந்த இடங்களில் ஒன்று, ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். நனைந்த கயிறும் இடுப்பில் கட்டும் படங்கும் இரவுக்குள் காய்ந்தாக வேண்டும், அதனால் அவற்றின் ஆணி அடுப்புக்குப் பக்கத்தில். விறகு அதற்கும் மேலே, புகை படும் பரணில். பிள்ளை வாங்கிய சான்றிதழ் எதிர்ச் சுவரில், அடுப்பிலிருந்து எட்டக்கூடிய அளவு தூரத்தில், கூரைக்குக் கீழே கண்ணாடிக்குள். எவர்சில்வர் தட்டுகள் பலகையில் பெரியதிலிருந்து சிறியதாக, விளிம்பு வெளியே தெரிய. புகையும் ஒழுகலும் இடநெருக்கடியும் விட்ட இடத்துக்குள் ஒரு பெண் செய்திருக்கும் ஏற்பாடு இது. எது எதற்குப் பக்கத்தில், எது எவ்வளவு உயரத்தில் என்பது ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. 'வெற்றிடம் விடு' என்ற கட்டளை இந்தக் காரணங்களை எல்லாம் ஒரே வெட்டில் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகிறது. அறையில் இல்லாத வெற்றிடம் படத்தில் வருகிறது என்றால் அதற்குப் பெயர் அழகியலா, பொய்யா?

1936இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹேல் கவுண்டியின் குத்தகைப் பருத்தி விவசாயிகளின் வீடுகளுக்கு வோக்கர் எவன்ஸ் போனார். கூடப் போன ஜேம்ஸ் ஏஜி எழுத, இருவரின் வேலையும் 1941இல் புத்தகமானது. எவன்ஸ் அங்கே எடுத்த படங்களில் ஒரு சமையலறைச் சுவர். பலகைச் சுவரில் குறுக்கே அடித்த ஒரு சிம்புக்குப் பின்னால் கரண்டிகளும் முள்கரண்டிகளும் செருகியிருக்கும். எவன்ஸ் நேரெதிரே நின்று எடுத்திருக்கிறார், கோணமும் கீணமும் இல்லாமல். அமைப்பைச் செய்தது அந்த வீட்டார். அவர் அதற்கு முன்னால் ஒதுங்கி நின்றார்.

சுவையான பின்கதையும் உண்டு. அதே தொகுப்பில் வேறொரு படத்திலுள்ள கணப்படுப்பு மாடத்து மணிக்கூடு ஏஜியின் பொருட்பட்டியலில் இல்லை. ஆகவே எவன்ஸ்தான் அதை அங்கே வைத்தாரா என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கழித்தும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே 1936இல் அரசாங்கப் புகைப்படக்காரர் ஆர்தர் ரொத்ஸ்டைன் தெற்கு டகோட்டாவின் வறண்ட நிலத்தில் ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வைத்து எடுத்தது செய்தித்தாள்களில் பெரிய ரகளையாகி, அரசாங்கமே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சில அடி! எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் நேர்மைக்காகத்தான் கூச்சல் போட்டன என்று நான் நம்பவில்லை, அது தேர்தல் ஆண்டு. ஆனால் ஒரு பொருள் இருக்கும் இடம் சாட்சியம் சொல்கிறது என்பது அந்தச் சண்டையில் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. நம் பட்டறைகளில் பொருளை நகர்த்துவது முதல் பயிற்சி.

4. நுட்பம் என்று இவ்வளவு பேசுகிறவர்கள், உண்மையான நுட்பச் சிக்கலைத் தொடுவதே இல்லையே, ஏன்? அடுப்புப் பக்கத்துச் சுவர் கறுப்பு. பல தலைமுறைப் புகை ஏறிய, மினுமினுக்கும் கறுப்பு. கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். தன் மேல் விழும் ஒளியில் சுமார் 18 வீதத்தைத் திருப்பும் சாம்பல் அது. அதனால் கறுப்புச் சுவரைக் கண்டால் அதையும் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். போன் இன்னும் ஒரு படி மேலே போகும்: இருட்டைத் தூக்கி, புள்ளிகளைத் துடைத்து, கரியின் மினுமினுப்பையும் விரல் இழுத்த தடத்தையும் சேர்த்தே வழித்தெடுத்துவிடும். கிடைப்பது சேறு பூசியது போன்ற ஒரு சுவர்.

இதைத் திருத்துவது கடினமில்லை. திரையில் சுவரைத் தொட்டு, ஒளியளவைக் கீழே இழுக்க வேண்டும், கறுப்பு கறுப்பாக வரும்வரை. முடிந்தால் தானியங்கி இரவு முறையை அணைக்க வேண்டும். கதவைப் பாதி சாத்தினால் வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து கரியின் படிவு எழும்பி வரும். இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொடுக்கக்கூடியது. எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை, ஏனென்றால் கறுப்புச் சுவர் சட்டகத்துக்குள் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதை முன்னமே 'பின்புலம்' என்று ஒதுக்கியாகிவிட்டது.

5. எங்கே நிற்பது என்பது முதல் கேள்வி, எங்கே வைப்பது என்பதெல்லாம் பிறகு. கொழுந்து நிறுக்கும் தராசை எடுத்துக்கொள்வோம். வட்ட முகம், எண்கள், ஊசி. நடுவில் வைத்து நேரே எடுத்தால் சமச்சீர் அமைப்புக்கு உதாரணம், மேலிருந்து எடுத்தால் இன்னொரு பரிசு. ஆனால் அந்த வட்ட முகம் நேராகத் தெரிவது ஒருவருக்குத்தான், நிறுத்துக் குறிக்கும் ஆளுக்கு. வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அது சாய்வாக, பாதி மறைந்து, யாரோ ஒருவரின் தோளுக்கு மேலால் தெரியும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோ கழிக்கப்படுவது தோட்டங்களின் தீராத வழக்கு. மழை நாளில் ஈரம் அதிகம், கழிவும் அதிகம். அன்றைக்கு அவருக்கு முழுப் பேரா அரைப் பேரா (முழு நாட்கூலியா அரை நாட்கூலியா) என்பது ஊசி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஊசி சரியாகத் தெரியாத அந்தச் சாய்வுக் கோணம், அந்தத் தோள், அந்த மறைப்பு, இவைதான் தராசின் படம். விதிப்படி அது தோற்றுப்போன படம், குறுக்கே தோள் வந்துவிட்டதாம்.

நேரே எடுத்த தராசு நடுநிலையானது, சாய்த்து எடுத்தது அரசியல் என்று சொல்வார்கள். இரண்டும் ஒவ்வொருவர் நிற்கும் இடம். ஒன்றுக்கு மட்டும் நுட்பம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

6. இந்த விவாதம் புதியதும் இல்லை, நாம் அதன் கடைசி பெஞ்சில் இருக்கிறோம், அவ்வளவுதான். 1928இல் ஜெர்மனியில் அல்பர்ட் ரெங்கர்-பாட்ஸ்ஷ் நூறு படங்கள் கொண்ட புத்தகம் ஒன்றை வெளியிட்டார். செடி, பாத்திரம், இயந்திரம், ஆலைப் புகைபோக்கி என்று எல்லாமே துல்லியமான அமைப்பில். 'பொருட்கள்' என்று பெயர் வைக்க அவர் விரும்பினார். வெளிவந்தது 'உலகம் அழகானது' என்று. விமர்சகர் வால்டர் பென்யமின் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். இந்த வகைப் புகைப்படம் வறுமையைக்கூட நாகரிகமாகச் சட்டகமிட்டு நுகர்வுப் பொருளாக்கிவிடுகிறது என்பது 1934இல் அவர் வைத்த குற்றச்சாட்டு. அதற்கு முன்பே நாடகாசிரியர் பிரெக்ட் இன்னொன்றைச் சொல்லியிருந்தார்: ஒரு பெரிய ஆலையின் படத்தைப் பார்த்து அந்த ஆலையைப் பற்றி அநேகமாக எதையும் அறிய முடியாது.

அதே 1934இல் 'சிலோனின் பாடல்' என்ற ஆவணப்படம் வந்தது. பெசில் ரைட் இயக்கினார். விவரிப்புக் குரல் நம் நாட்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டுடையது. பணம் தேயிலைப் பிரசாரச் சபையுடையது. அமைப்பின் அழகுக்காக இன்றும் திரைப்பட மாணவர்கள் அதைப் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். கொழுந்து பறிக்கும் கைகள் அதில் வந்துபோகின்றன. அந்தக் கைகளுக்குரியவர்கள் எங்கே படுத்தெழுந்தார்கள் என்று அந்தப் படம் கேட்கவில்லை.

இன்னும் பின்னால் போனால், நம் மலைக்கே வருகிறோம். உலகப் புகைப்பட வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்றான ஜூலியா மார்கரெட் கெமரோன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்தில் இறந்தார். பொகவந்தலாவை தேவாலய வளவில் புதைக்கப்பட்டிருக்கிறார். வட்டவளையிலிருந்து பஸ் ஏறினால் ஹட்டன், அங்கிருந்து இன்னொரு பஸ், போய்ப் பார்த்துவிட்டே வரலாம். பின்புலத்தை மங்கவைத்து முகத்தைத் தனியே பிரித்தெடுப்பது அவருடைய கையெழுத்து. இங்கிலாந்தில் தன் வேலைக்காரப் பெண்ணை மாதாவாகவும் அக்கம்பக்கத்தாரைக் கதைகளின் அரசர்களாகவும் நிறுத்திப் படமெடுத்தவர். இங்கே தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். எஞ்சியிருக்கும் இலங்கைப் படங்கள் சொற்பம். அவற்றில் பெரும்பாலானவர்களுக்கு மாதா வேடமும் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. அவர் மோசமான கலைஞர் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை, அந்த முகங்களை என்னால் எளிதில் விட்டு நகர முடிவதில்லை. அப்பேர்ப்பட்ட கை, அப்பேர்ப்பட்ட கண் இருந்தும் பெயர் விடுபட்டுப் போயிற்று. வெறும் விதிகளை வைத்துக்கொண்டு நாம் எதைக் காப்பாற்றப் போகிறோம்?

பிரித்தெடுக்கும் இந்தப் பழக்கம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் தேயிலைப் பெட்டியின் மூடி. பிரம்புக் கூடையைப் பாருங்கள். பல தோட்டங்களில் நைலோன் வலைப்பையும் உரச்சாக்கும் கூடையின் இடத்துக்கு வந்து நீண்ட காலமாகிவிட்டது. போட்டிக்கு வரும் படங்களில் மட்டும் கூடை இன்னும் ஓய்வு பெறவில்லை. உரச்சாக்கில் நிறுவன எழுத்து இருக்கும், சாயம் போயிருக்கும், அது 'சட்டகத்தைக் கெடுக்கும்'. ஆகவே வீட்டு மூலையில் ஒட்டடை படிந்த பழைய கூடையைத் தூசி தட்டி முதுகில் ஏற்றுகிறார்கள். யார் ஏற்றச் சொன்னது? யாரும் இல்லை. அதுதான் கவலைக்குரியது. விளம்பரக்காரன் காசு கொடுத்துச் செய்விப்பதை நம் பிள்ளைகள் இலவசமாக, அதுவும் கலை என்று நம்பிச் செய்கிறார்கள்.

இங்கே எனக்கு எதிராக வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பட்டறைக்காரர்கள் அதைச் சொல்லிக் கேட்டதில்லை, லயத்துப் பெண்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "இந்தக் கரிச் சுவத்தப் போயி ஏன் எடுக்குறீங்க, நல்லதா ஒண்ண எடுங்க." அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அவர்களுடையதும்தானே? வறுமையைக் காட்டு என்று நான் சொல்வதும் வெளியிலிருந்து வரும் இன்னொரு கட்டளை இல்லையா? ஆம், அப்படிச் சொன்னால் கட்டளைதான். கரியைத் தேடிப் போய் எடுப்பவன், தேயிலைப் பெட்டிப் படம் எடுப்பவனுக்கு எந்த விதத்திலும் மேலானவன் இல்லை. இருவருமே வீட்டுக்காரியைக் கேட்கவில்லை.

கேட்டால் என்ன நடக்கும்? அவர் எவர்சில்வர்த் தட்டுகளின் பலகையைக் காட்டக்கூடும். சான்றிதழைத் துடைத்துவிட்டு அதன் பக்கத்தில் நிற்கக்கூடும். சேலை மாற்றிக்கொண்டு வரக்கூடும். தாராளமாக. அது அவர் செய்யும் அமைப்பு, அங்கே எதை நகர்த்துவதானாலும் நகர்த்துகிற கை அவருடையது. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு ஒளி வேண்டும் என்பது படம் பிடிப்பவர் வேலை. அந்த வேலை போதாதா? அந்தத் தட்டுப் பலகையைச் சரியாக எடுத்துக் காட்டட்டும், எவர்சில்வரில் எதிரொளி எரியாமல், பின் சுவர் சாம்பலாகாமல், பலகையின் நெளிவு நிமிராமல். மூன்றாகப் பிரிப்பதைவிட அது எவ்வளவு கடினம் என்று எடுத்துப் பார்த்தால் தெரியும்.

ஊன்றுகோல் வாதத்துக்கும் ஒரு வார்த்தை. விதிகளைப் பழகியபின் எறிந்துவிடலாம் என்பது உண்மையானால், எறிந்தவர்களின் படங்கள் எங்கே? ஆண்டுக்கு ஆண்டு புதிய பிள்ளைகள் வருகிறார்கள், பரிசுப் படங்கள் மட்டும் பழையனவாகவே இருக்கின்றன. போன் திரையிலேயே அந்தக் கட்டக் கோடுகள் வந்துவிட்டன. கோடு கண்ணெதிரே நிற்கும்போது அதை மறக்கச் சொல்வது வீண் பேச்சு. அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடச் சொல்வதே நேர்மையான முதல் பாடம்.

செய்யக்கூடியவை சிறியவை. கம்பளை, ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயமொன்றை அருங்காட்சியகமாக்கி, தோட்டத் தொழிலாளரின் வீட்டுப் பொருட்களையும் வேலைக் கருவிகளையும் வைத்திருக்கிறார்கள். பட்டறை நடத்துகிறவர்கள் பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிப்போகட்டும், கமரா இல்லாமல். ஒவ்வொரு பொருளிலும் தேய்மானம் எந்தப் பக்கம், ஏன் அந்தப் பக்கம் என்று எழுதிவரச் சொல்லட்டும். கவ்வாத்துக் கத்தி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் பிடித்த கை வலதா இடதா என்று சொல்லிவிடலாம். அந்தப் பக்கம் தெரியும்படி எடுக்க எங்கே நிற்க வேண்டும் என்பது பிறகு தானாக வரும்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு இன்னும் எளிது. பொருளை இருந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. யாருடையது, எதற்குப் பயன்படுகிறது, எங்கே இருந்தது என்று உரியவரின் சம்மதத்தோடு எழுதிய விளக்கம் இல்லாத படம் ஏற்கப்படாது என்று இன்னொன்று. நடுவர் குழுவில் மலைக்கு வேலைக்குப் போய் வருகிற ஒருவர். பாதிப் படங்கள் கோணலாக வரும், சிலவற்றில் தோள் குறுக்கே நிற்கும், பார்வையாளர் சிலர் முகம் சுளிப்பார்கள். இதெல்லாம் முடியாது என்றால், 'அன்றாடப் பொருட்கள்' என்ற தலைப்பையாவது எடுத்துவிட்டு 'ஜன்னலோர அலங்காரம்' என்று அறிவிக்கட்டும். அந்தப் போட்டியைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.